“பொம்பளைன்னா இதெல்லாம் சகஜம்தானே சிஸ்டர்?”: ஊசி அறையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

தென்காசிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் செவிலியராக வேலை பார்த்தேன். வருகிற பெண்கள் முதலில் சொல்வது காய்ச்சல், தலைவலி, கால் உளைச்சல். கேட்க வந்த விஷயம் பிரஷர் பார்க்கும்போதுதான் வெளியே வரும். கையில் பட்டையைச் சுற்றி முடித்ததும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “வேற ஒண்ணும் கேக்கணும் சிஸ்டர்” என்பார்கள். பேசிக்கொண்டே பார்த்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். அதனால் அவர்கள் பேசி முடித்த பிறகு மறுபடி ஒருமுறை பார்ப்பேன். பல நேரம் அது இரண்டு மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வியாக இருக்கும்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை, அது டாக்டர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. எது சகஜம், எது சகஜமில்லை என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை.

எனக்கு வெள்ளைப்படுது சிஸ்டர். எலும்பு உருகித்தான் இப்படிப் போகுதுன்னு எங்க அத்தை சொல்லுதாங்க. நெசமா?

இல்லை. எலும்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி, கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பின் சுவரிலும் ஊறுகிற நீர் அது. பழைய செல்களையும் கிருமிகளையும் வெளியே கொண்டுவந்து தள்ளுவது அதன் வேலை. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு வரை வருவது சாதாரணம்.

மாதம் முழுக்க அது ஒரே மாதிரி இருக்காது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவே, கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக இழுபடும். மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் கொஞ்சம் கெட்டியாகும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். உள்ளாடையில் காய்ந்த பிறகு லேசான மஞ்சள் கறை தெரிவதும் இயல்புதான். எலும்பு உருகுகிறது என்ற பயத்திலேயே சாப்பிட முடியாமல் இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அசதிக்குப் பெரும்பாலும் ரத்தசோகைதான் காரணமாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போ எதைப் பார்த்தா நோவுன்னு தெரிஞ்சிக்கிடணும்?

நிறம், வாடை, அரிப்பு என்று மூன்றைப் பாருங்கள். திரிந்த தயிர் மாதிரி கட்டி கட்டியாக வந்து அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் அது பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் தண்ணீராக வந்து மீன் வாடை அடித்தால் பாக்டீரியா சமநிலை கெட்டிருக்கிறது. பச்சையும் மஞ்சளுமாக நுரைத்து வந்தால் உடலுறவில் பரவும் தொற்றாக இருக்கலாம். அப்போது கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். ரத்தம் கலந்து வந்தாலும், அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பூஞ்சைத் தொற்று ஒரே வருஷத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். அரிப்புக்காக வந்து, பரிசோதித்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்தவர்கள் உண்டு.

வாடை வருதுன்னு உள்ளே சோப்பு போட்டுக் கழுவுதேன். சரிதானே?

வேண்டாம். உள்ளே நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் லேசான புளிப்புத்தன்மையை உண்டாக்கி வைத்திருக்கின்றன. கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் காவல் நிற்பது அந்தப் புளிப்புதான். சோப்பும் கிருமிநாசினியும் அதை அழித்துவிடும். அப்புறம் வாடை கூடும், நீங்கள் இன்னும் அதிகமாகக் கழுவுவீர்கள், இன்னும் கூடும்.

வெளிப்புறத்தை மட்டும் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும். துவைத்ததை வெயிலில் காயப்போடுங்கள். நம் வீடுகளில் ஆண்களின் பனியன் கொடியில் நடுநாயகமாகக் காயும், பெண்களின் உள்ளாடை சேலைக்கு அடியில் ஈரம் போகாமலே கிடக்கும். அந்த ஈரம் பூஞ்சைக்கு வசதி. மேலே ஒரு மெல்லிய துண்டைப் போட்டாவது வெயில் படுகிற இடத்தில் உலர்த்துங்கள்.

ஒண்ணுக்குப் போனா எரியுது. சூடுதானே? இளநீர் குடிச்சா சரியாயிரும்லா?

வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல் இருந்து வருகிற லேசான எரிச்சல் என்றால் தண்ணீரும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் தணிக்கும். ஆனால் எரிச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போக வேண்டியிருந்தால், சிறுநீர் கலங்கலாக இருந்தால், அல்லது ஒரு நாளில் குறையவில்லை என்றால் அது கிருமித் தொற்று. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்குச் சுமார் 20. மலத்துவாரமும் பக்கத்திலேயே இருப்பதால் கிருமி எளிதாக ஏறிவிடுகிறது. மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கையைக் கொண்டுபோங்கள், பின்னாலிருந்து முன்னால் வேண்டாம். உடலுறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவதும் நல்லது.

சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை போடுங்கள். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றதும் மிச்சத்தைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த தடவைக்கு அதையே எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. அதனால்தான் கிருமிக்கு மருந்து பழகிப்போகிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகு வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிக்கு எரிச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஜவுளிக் கடையில வேலை. தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், அடிக்கடி போக விடமாட்டாங்க. குடிக்காம இருக்கதே நல்லதுன்னு தோணுது.

எனக்கு மனசு ஆறாத கேள்வி இதுதான். பெண்களின் நீர்க்கடுப்புக்குப் பின்னால் பாதி நேரம் ஒரு கக்கூஸ் இல்லாத கதை இருக்கிறது. ஜவுளிக் கடைப் பெண் மாடி ஏறி இறங்க வேண்டும். பீடி சுற்றுகிற பெண் மடியில் சொளவை வைத்து உட்கார்ந்தால் எண்ணிக்கை முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். பஸ்ஸில் போகிற பெண் ஊர் போய்ச் சேரும் வரை நாக்கை நனைக்க மாட்டாள். ஒருமுறை இருபது வயதுப் பெண் ஒருத்தி எரிச்சலோடு வந்தாள். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. காலை எட்டு மணிக்குக் குடித்த தண்ணீர்தான், அதன் பிறகு இரவு வீட்டுக்கு வந்துதான் என்றாள்.

நாளொன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் வேண்டும். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்தால் அரை மணியில் போக வேண்டியிருக்கும். மணிக்கு அரை டம்ளராகக் குடித்தால் அவ்வளவு அவசரம் வராது. வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, மாலை டீ நேரத்தில் ஒருமுறை, அவசரம் வராவிட்டாலும் போய்விட்டு வருவது என்று பழக்கப்படுத்துங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-ல் வந்துவிட்டது. இருக்கை கேட்டு வாங்கிய மாதிரி, ஒண்ணுக்குப் போய்வர நேரத்தையும் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் அவள் பெயர் கெட்டுவிடும்.

மாசாமாசம் இத்தனை நாள்ல வரணும்னு கணக்கு இருக்கா?

இருக்கிறது, ஆனால் 28 என்று ஒரே எண் இல்லை. ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள் வரை எண்ணினால் 21-லிருந்து 35 நாட்களுக்குள் வந்தால் சரி. வயதுக்கு வந்த புதிதில் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே இருக்கும், 45 நாள் வரைகூட ஆகலாம். உதிரம் 2-லிருந்து 7 நாள் போகலாம். 15 வயது முடிந்தும் வயதுக்கு வராத பெண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எது அதிகம்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே சில மணி நேரம் தொடர்ந்தால் அதிகம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தால் அதிகம். ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வைக்க வேண்டியிருந்தால், அதுவும் அதிகம். “எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்” என்பதால் அது சரியாகிவிடாது, அம்மாவுக்கும் அதிகமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். காலண்டரில் முதல் நாளை வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

துணி வைக்கிறது தப்பா? நாப்கின்தான் வாங்கணுமா?

துணி தப்பில்லை, ஈரத்துணிதான் தப்பு. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் மொறுமொறுவெனக் காய்ந்ததை வைத்தால் அது பாதுகாப்பானது. கட்டிலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் காய்ந்ததை வைத்தால் அரிப்பும் தொற்றும் வரும். துணியோ நாப்கினோ நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். உதிரம் குறைவாக இருக்கும் கடைசி நாளிலும் அப்படித்தான்.

நாப்கின் விலையைக் குறைத்ததில் கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறிய இயந்திரத்தில் மகளிர் குழுக்களே தயாரித்துக்கொள்ள வழி செய்தவர் அவர், 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டமும் நம் மாநிலத்தில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மாதவிடாய்க் கப் வாங்கினால் பல வருஷம் வரும். ஒவ்வொரு மாதமும் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து வைக்க வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது.

வலிக்கு மாத்திரை போட்டா பின்னால புள்ள நிக்காதாமே?

அப்படி எதுவும் இல்லை. வலி எதனால் என்றால், உதிரத்தை வெளியேற்றக் கர்ப்பப்பை இறுக்கிச் சுருங்குகிறது. அதைச் சுருங்க வைக்கும் ஒரு பொருள் உடம்பிலேயே சுரக்கிறது. வலி மாத்திரை அதன் சுரப்பைக் குறைக்கிறது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் உண்மையிலேயே பலன் தரும்.

மாத்திரை போட்டும் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போகிறது, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலிக்கிறது என்றால் அது சாதாரண மாதவிடாய் வலி இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். “கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்” என்று தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. தினம் பீட்ரூட்டும் பேரீச்சையும் சாப்பிடுதேன். ஏறவே இல்லை.

முதலில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போய்ப் பழைய காகிதம் மாதிரி இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அதனால் “எல்லாருக்கும் இருக்கதுதானே” என்கிறார்கள். எல்லாருக்கும் இருக்கிற நோயும் நோய்தான். மாடி ஏறினால் மூச்சிரைப்பது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது, முடி கொட்டுவது, சாம்பல், பச்சரிசி, சாக்பீஸ் தின்ன ஆசை வருவது எல்லாம் இதனால் வரலாம்.

பீட்ரூட்டின் நிறம்தான் ரத்தம் மாதிரி. 100 கிராமில் சுமார் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துதான். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 29 மில்லிகிராம். அந்தக் கணக்கில் மூன்று கிலோ பீட்ரூட் தின்ன வேண்டும். இரண்டு பேரீச்சம்பழமும் அப்படித்தான், நல்ல தின்பண்டம், மருந்து இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஆட்டு ஈரல், ரத்தப் பொரியல், மீன், கறி சாப்பிடுங்கள், அதிலுள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். சைவர்களுக்கு முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கொள்ளு, சுண்டல், எள், கம்பு. இவற்றின் இரும்பு லேசில் சேராது. அதனால் கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பை அது பிடித்துக்கொண்டு கழிவோடு வெளியே கொண்டுபோய்விடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இன்னொன்று, உதிரம் அதிகமாகப் போகிறதா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்காமல் வெறும் சத்து மாத்திரை போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

சத்து மாத்திரை போட்டா குமட்டுது, வெளிக்கிக் கருப்பாப் போகுது. பயந்து நிறுத்திட்டேன்.

கருப்பாகப் போவது இரும்பின் நிறம், பயமில்லை. குமட்டினால் இரவு சாப்பிட்ட பிறகு படுக்கப் போகும் முன் போடுங்கள், தூக்கத்தில் குமட்டல் தெரியாது. டீ, பால், கால்சியம் மாத்திரை மூன்றையும் அதோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், தண்ணீர்.

ஹீமோகுளோபின் மாதம் ஒரு கிராம் அளவுக்கு ஏறினால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 12 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டியிருக்கும்.

வயசுக்கு வந்த புள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கலாமா? முகம் சுளிக்குது.

பச்சை முட்டை வேண்டாம், வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். அவித்த முட்டையில் சத்து இன்னும் நன்றாகச் சேரும். உளுந்தங்களி கொடுங்கள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கிண்டிய களியை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் சடங்கு முடிகிற வரை மட்டும் கவனித்துவிட்டு, அப்புறம் முட்டை அண்ணனுக்கு என்று ஆக்கிவிடாதீர்கள். மாதாமாதம் ரத்தம் போவது இவளுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். வீசி எறிந்துவிடுகிறார்கள்.

கொடைக்கு நாள் குறிச்சாச்சு. எனக்கு அன்னிக்கித்தான் தேதி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடட்டுமா?

கோயில் கொடை, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று எந்த விசேஷமானாலும் இந்தக் கேள்வி வரும். மாதவிடாய் தள்ளிப்போக நார்எத்திஸ்டரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுப்பார்கள். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். ஒருமுறை, டாக்டரைக் கேட்டுப் போடுவதில் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை.

பெயர் எழுதின சீட்டே இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி போட்ட அட்டையைக் காட்டி வாங்குவதுதான் எனக்குக் கவலை. காலில் ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் போடக்கூடாது. கர்ப்பமில்லை என்று உறுதி செய்யாமலும் போடக்கூடாது. போட்டிருக்கும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இது கருத்தடை மாத்திரையும் இல்லை. இதை நம்பியிருந்து கர்ப்பமானவர்கள் உண்டு.

ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு போட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாமா?

‘கட்டி’ என்ற சொல்தான் இப்படிப் பயமுறுத்துகிறது. பி.சி.ஓ.டி. (PCOD) என்று எழுதும் நீர்க்கட்டி என்றால், முழுதாக வளராமல் நின்றுபோன சிறு கருமுட்டைப் பைகள் அவை, சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஹார்மோன் சமநிலை மாறியதால் வருகிறது. எடுத்துப்போட எதுவும் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, எடை கூடுவது இவற்றோடு சேர்த்துத்தான் இதை முடிவு செய்வார்கள். வயதுக்கு வந்து சில வருஷமே ஆன பிள்ளைக்கு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் தெரியும்.

எடை அதிகமுள்ளவர்கள் இருக்கும் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. வேக நடை அரை மணி, சோறு ஒரு கை குறைத்து காய் ஒரு கை கூட்டுவது, இதில் தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். நீர்க்கட்டி இருந்தால் பிள்ளை பிறக்காது என்பது பொய். சிலருக்குக் கொஞ்சம் மருந்து உதவி தேவைப்படும்.

இருமினா, தும்முனா கசிஞ்சிருது. மூணு புள்ள பெத்தவளுக்கு இது சகஜம்தானே?

நிறையப் பேருக்கு இருக்கிறது, ஆனால் அப்படியே விட வேண்டியதில்லை. பிரசவத்தில் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. அவற்றுக்குப் பயிற்சி உண்டு. காற்று பிரியாமல் அடக்குவீர்களே, அந்தத் தசையைச் சுருக்கி மேலே இழுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதே செய்துவிடலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால், ஜவுளிக் கடைப் பெண்ணுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஏதோ கீழே இறங்குகிற மாதிரி, பந்து தட்டுப்படுகிற மாதிரி இருந்தால் அது அடியிறக்கம். டாக்டரிடம் காட்டுங்கள்.

உதிரம் நிக்க மாட்டேங்குது. கர்ப்பப்பையை எடுத்துரச் சொல்லுதாங்க. ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு?

எடுக்க வேண்டிய நேரங்கள் உண்டு. புற்றுநோய், மிகப் பெரிய நார்க்கட்டி, மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு போன்றவை. ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன் கேளுங்கள்: எனக்கு ரத்தப்போக்கு எதனால்? தைராய்டு பார்த்தாயிற்றா? வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், உள்சவ்விலிருந்து திசு எடுத்துச் சோதித்தாயிற்றா? ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு, பல வருஷம் வேலை செய்யும். நார்க்கட்டி தொந்தரவு தராவிட்டால் விட்டுவைக்கலாம், மாதவிடாய் நின்றபின் அது சுருங்கிவிடும்.

முக்கியமாக, “சினைப்பையையும் எடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். முப்பத்தைந்து வயதில் இரண்டு சினைப்பையும் போனால் அடுத்த மாதமே மாதவிடாய் நின்றவள் உடம்பாகிவிடும். எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். எலும்பு உருகுவதாக முதல் கேள்வியில் பயந்தார்களே, எலும்பு மெய்யாகவே பலவீனமாவது இப்படித்தான். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. போன வாரம் ஒரு சொட்டுப் பட்டுச்சு. திரும்ப வருதோ?

திரும்ப வராது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு சொட்டு, லேசான பழுப்புக் கறை பட்டாலும் அந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வறட்சி, சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணம்தான் இருக்கும். பத்தாவது ஆளுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், அந்தக் கட்டத்தில் குணப்படுத்த முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என்னத்துக்குக் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டு எடுக்கச் சொல்லுதிய?

தொந்தரவு இல்லாதபோது எடுப்பதற்குத்தான் அந்தப் பரிசோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது. அது தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால், புற்றுநோய் வரும் முன்பே அந்த இடத்தைச் சுட்டோ உறைய வைத்தோ அழித்துவிடலாம். 30-லிருந்து 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள், காசு கிடையாது. நீர்த்த வினிகர் போன்ற அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுபட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியும், வலிக்காது. மாதவிடாய் நாட்களில் மட்டும் போக வேண்டாம். வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அடுத்த பரிசோதனை வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். 9-லிருந்து 14 வயதுப் பெண் இருந்தால் அந்த வைரஸுக்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இந்தியாவிலேயே தயாராகும் ஊசியும் இப்போது இருக்கிறது.

மாருல சின்னதாக் கட்டி தட்டுப்படுது. வலியே இல்லை. ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிக் காட்ட? பொம்பள டாக்டர் வரட்டும்னு இருக்கேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். “தைப்பொங்கல்ல இருந்து” என்றார் அந்த அம்மா. அப்போது புரட்டாசி.

வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. மார்புப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. அதே நேரம் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை. எது எது என்பது கையால் தடவிப் பார்த்துத் தெரியாது, ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும்தான் சொல்லும். மாதவிடாய் முடிந்த வாரத்தில், குளிக்கும்போது, விரல் நுனிகளை அல்ல, விரல்களின் தட்டையான பகுதியை வைத்து அக்குள் வரை தடவிப் பாருங்கள். புதிதாகக் கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் காட்ட வேண்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று மதுரை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள். எங்கே போனாலும், ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் செவிலியர் உடன் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. திரை போடச் சொல்லலாம். உங்கள் அக்காவையோ மகளையோ பக்கத்தில் நிற்க வைக்கலாம். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அந்த அம்மாவை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஆண்தான். திரைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பரிசோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.